தேள் ஒட்டிய ஹெல்மெட்

மார்சிலிங்
சிங்கப்பூர், 5 அக்டோபர் 2025

மகள் நஸீஹாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் சொல்கிறேன், எதிர் பிளாக் மைமூன் கணினியில் தட்டி ஈமெயிலில் அனுப்புகிறார். முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவர். நான் பேசுகிறபடி எழுதக் கை வராதாம், திருத்தித்தான் எழுதுவாராம். திருத்தட்டும். விஷயம் மாறாமல் இருந்தால் போதும்.

நீ உம்மாவுக்கு அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். உன் உம்மா காட்டவில்லை. போனை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள், திரை எரிந்துகொண்டிருந்தது. மஞ்சள் வண்டி. அதன் மேல் நீ. இடது கால் பெருவிரல்தான் தரையைத் தொடுகிறது, வலது கால் தொங்குகிறது. செயின் தொய்ந்து கிடக்கிறது. பின்னால் மலை மலையாக மணல்.

உனக்கு முப்பத்தொன்பது வயது. மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலை, சொந்தச் சம்பளம், எல்லாம் சரி. ஆனால் இந்த வீட்டிலிருந்து யாரும் மோட்டார் சைக்கிள் ஏறக் கூடாது என்று 2006 நவம்பர் பதினாறாம் தேதி சொன்னேன். அன்று வியாழக்கிழமை. அதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நானே அதற்குப் பிறகு ஏறவில்லை. அச்சகத்தில் இருபத்தெட்டு வருடம் கடிதக்கட்டு கொண்டுபோகும் டெஸ்பாட்ச் ரைடராக ஓடியவன், மீதி வருடங்களை அங்கேயே காகிதக் கட்டுகளைத் தூக்கிக் கழித்தேன்.

உன் தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்களிடம் சொல்லி உன்னைத் தடுப்பேன். இருந்தது ஒரு அண்ணன், சுஹைப். அவனும் உன்னைக் கூட்டிவரப் போய்த்தான் போனான். அதை நினைத்தாவது வண்டியை விற்றுவிடு.

நீ போன் செய்தால் நான் எடுக்க மாட்டேன். குரல் கேட்டால் சண்டைதான் வரும். எழுது. மைமூன் படித்துச் சொல்வார்.

வாப்பா,
அப்துல் கஃபார்


மஸ்கட்
8 அக்டோபர்

வாப்பாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். மைமூன் அக்கா, உங்களுக்குச் சிரமம் கொடுப்பதற்கு மன்னிக்கவும். என் தமிழ் பள்ளியோடு நின்றுபோன தமிழ். பிழை இருந்தால் படிக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

வாப்பா, நான் அனுமதி கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று கூட நினைக்கவில்லை. தெரிந்துவிட்டதால் சொல்கிறேன்.

என்னோடு எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கும் அனம், மாதக் கடைசியில் கராச்சிக்கே திரும்பிப் போகிறாள். மூன்று வருடமாக வெள்ளிக்கிழமைகளில் மணலில் ஓட்டுகிறவள். முதலில் எனக்கு ஆசை ஒரு பெரிய 650 சிசி வண்டி மேல். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. அனம் என்னை அதன் பக்கத்தில் நிறுத்தி, வண்டியைச் சாய்த்துத் தரையில் படுக்க வைத்தாள். "தூக்கு," என்றாள். இருநூறு கிலோ. அசைக்கக்கூட முடியவில்லை. "இதுதான் பரீட்சை. மணலில் நீ ஒரு நாளைக்குப் பத்து முறை விழுவாய். தனியாகத் தூக்க முடியாத வண்டியை வாங்காதே." அதனால்தான் அவளுடைய 250. நூற்றுப்பதினைந்து கிலோ, பழசு, நிதானமான இன்ஜின். சீட் உயரம்தான். இருந்தாலும் தூக்கிவிட்டேன்.

வண்டியோடு அவள் உடைகளும் வந்தன. முழங்கால் வரை ஏறும் பூட்ஸ், முட்டிக்குக் கவசம், மார்பும் முதுகும் தோளும் சேர்ந்தாற்போல் மாட்டுகிற கவச ஜாக்கெட், கையுறை, முதுகில் தண்ணீர்ப் பை, முன்னால் நெற்றிக்கூரை நீண்ட ஹெல்மெட், மணல் போகாத கண்ணாடி. பூட்ஸும் கையுறையும் மட்டும் எனக்குப் பெரிது. புதிதாக வாங்கிவிட்டேன். மற்றதெல்லாம் அளவெடுத்தது போல.

பயிற்சி ஆரம்பமாகிவிட்டது. 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை, முதல் முறையாகப் பெரிய மணல்மேடுகளுக்குப் போகிறோம். டயரில் காற்றைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். நீங்கள் அதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள் என்று தெரியும்.

இன்னொன்று. "உன்னைக் கூட்டிவரப் போய்" என்று எழுதியிருக்கிறீர்கள். பத்தொன்பது வருடம் கழித்தும் அதே வாக்கியம். அன்று ஆஸ்பத்திரி நடையில் எல்லார் முன்னாலும், "மழையில அவன ஏண்டி கூப்ட்ட? பஸ்ஸு இல்லையா கிளமெண்டியில?" என்று கேட்டீர்கள். எனக்கு அப்போது இருபது வயது. பாலிடெக்னிக் வாசலில் நான் இரண்டு மணி நேரம் அவனுக்காக நின்றேன். உம்மா அன்றிலிருந்து என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. நல்லா இருக்கியா, சாப்டியா. மாதம் ஒரு முறை போன் செய்து அந்த இரண்டையும் வாங்கிக்கொள்கிறேன்.

இனி வண்டியைப் பற்றி மட்டும் எழுதுவதானால் எழுதுங்கள்.

நஸீஹா


மார்சிலிங்
12 அக்டோபர்

நஸீஹாவுக்கு,

வண்டியைப் பற்றி மட்டும்.

650ஐ விட்டது நல்லது. அனம் புத்திசாலி. ஆனால் டயரில் காற்றை இறக்குவது என்ன கூத்து? காற்றுக் குறைந்தால் வண்டி ஆடும், ரிம் அடிபடும். மைமூனிடம் சொன்னேன். அவர், "எனக்கு சைக்கிளே தெரியாது காக்கா, கடையில கேளுங்க," என்றார்.

அதனால் நேற்று லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் மாணிக்கம் கடை இன்னும் இருக்கிறது. பாகங்கள் விற்கிறவர், என்னைவிட நாலு வயது குறைவு. உன் போட்டோவை உம்மா போனிலிருந்து மைமூன் எடுத்து என் போனில் போட்டுக் கொடுத்திருந்தார். நீட்டினேன்.

"என்ன பாய், இந்த வயசுல பாலைவனமா?"

"எனக்கில்ல. மகளுக்கு."

"அப்பச் சரி. உங்களுக்குன்னா ஆம்புலன்ஸையும் சேத்துல்ல விக்கணும்."

காற்று விஷயத்தைக் கேட்டேன். சிரித்தார். "காத்தக் கொறைச்சே ஆகணும் பாய். மணல்ல டயர் தட்டையாப் படுத்தாத்தான் மெதக்கும். நீங்க ஆர்ச்சர்ட் ரோட்டுக்கு அடிக்கிற மாதிரி அடிச்சு அனுப்பினா வண்டி கிணறு வெட்டும் லா." முன் பிரேக்கைத் தொடக் கூடாது, எழுந்து நின்று ஓட்ட வேண்டும், பயந்தால் வேகத்தைக் குறைக்காமல் கூட்ட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். நான் இருபத்தெட்டு வருடம் செய்த அத்தனைக்கும் நேர் எதிர். சரி. அதில் நீ சொன்னது சரி.

ஆனால் போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டும்போது ஒன்று பார்த்தேன். வண்டியின் கைப்பிடியில் ஹெல்மெட் தொங்குகிறது. வெள்ளை. பின்பக்கம், இடது காதுக்குச் சற்று மேலே, ஒரு தேள் படம் ஒட்டியிருக்கிறது. ஹெல்மெட் முழுக்க வேறு ஒரு படமும் இல்லை. அந்த ஒரு இடத்தில் மட்டும் ஏன்?

அனம் அதைப் போட்டுக்கொண்டு விழுந்திருக்கிறாளா? அது எப்போதாவது கீழே விழுந்திருக்கிறதா? தேளை அவள் ஒட்டினாளா, அவளுக்கு முன்னால் வேறு யாருடையதாவதா? மூன்றையும் அவளிடம் கேட்டு எழுது.

வாப்பா


மஸ்கட்
16 அக்டோபர்

வாப்பாவுக்கு,

நேற்று மூன்றாவது பயிற்சி. நான்கு முறை விழுந்தேன், நான்கு முறையும் நானே தூக்கினேன். இடது தோள் கன்றியிருக்கிறது, எலும்புக்கு ஒன்றுமில்லை. என் எக்ஸ்ரேயை நானே பார்த்துவிட்டேன்.

முதல் நாள் நடந்ததைச் சொன்னால் நீங்கள் கூடச் சிரிப்பீர்கள். பார்த்துப் பழகிய தோஷத்தில் கவச ஜாக்கெட்டை முன்பக்கம் பின்பக்கமாக மாட்டிக்கொண்டு போய் நின்றேன். வெயிலுக்கும் காற்றுக்கும் நீங்கள் மாட்டுவீர்களே, மார்புப் பக்கம் மூடி, முதுகு திறந்து, அது மாதிரி. சிங்கப்பூரில் சிக்னலில் நிற்கிற பாதிப் பேர் அப்படித்தான் நிற்பார்கள். எனக்கு அது தப்பு என்றே தோன்றவில்லை. பயிற்சியாளர் என்னைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். "முதுகெலும்பைக் காக்கிற பலகை உன் வயிற்றின் மேல் இருக்கிறது. உனக்கு முதுகு முன்னாலா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். வண்டி ஓட்டுவது என்றால் என் கண்ணுக்குள் வருவது நீங்கள்தான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் மூன்று கேள்விகள். அனம் ஒரு முறை விழுந்திருக்கிறாள், இரண்டு வருடத்துக்கு முன், ஒரு பாறைத் தடத்தில். தலைவலிகூட வரவில்லையாம். ஹெல்மெட்டில் ஒரு கீறல் விழுந்ததாம், பார்க்க அசிங்கமாக இருந்ததால் அவள்தான் தேளை ஒட்டினாள். எனக்கு அந்தத் தேள் பிடித்திருக்கிறது. போதுமா?

அவள் அதற்குப் பிறகு இரண்டு வருடம் அதே ஹெல்மெட்டில் ஓட்டியிருக்கிறாள். உயிரோடுதான் இருக்கிறாள்.

நஸீஹா


மார்சிலிங்
17 அக்டோபர்

நஸீஹாவுக்கு,

தேளை உரி. இன்றே உரி. அந்த ஹெல்மெட்டை இனிமேல் தலையில் வைக்காதே. இருபத்துநாலாம் தேதி போகாதே. போனால் புதிதாக வாங்கியதைப் போட்டுக்கொண்டு போ. முடியாவிட்டால் உட்கார்ந்து வேடிக்கை பார்.

இன்று நானே போன் செய்தேன். மூன்று முறை. நீ எடுக்கவில்லை.

வாப்பா


மஸ்கட்
19 அக்டோபர்

வாப்பாவுக்கு,

வேலையில் இருந்தேன். திரும்ப அழைக்கவும் நினைக்கவில்லை.

இங்கே என் அளவுக்குப் புது ஹெல்மெட் கடையில் இல்லை. என் தலை சிறியது. துபாயிலிருந்து வர இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். இருபத்துநாலைத் தவறவிட்டால் அனம் இருக்க மாட்டாள். அவளோடு போகத்தான் இத்தனை பாடு.

நீங்கள் என்னைத் தடுக்கப் பார்க்கிறீர்கள். முதலில் வண்டி என்றீர்கள், பிறகு காற்று, இப்போது ஹெல்மெட். உரித்தால் ஒரு கீறல் இருக்கும். கீறல் இருப்பதுதான் எனக்கு முன்பே தெரியுமே.

ஒரு காரணம் சொல்லுங்கள். உத்தரவு வேண்டாம். காரணம் இல்லையென்றால் இதோடு விட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறேன்.

நஸீஹா


மார்சிலிங்
20 அக்டோபர்

நஸீஹாவுக்கு,

காரணம் கேட்டாய். சொல்கிறேன். மைமூனிடம் முதலிலேயே சத்தியம் வாங்கிவிட்டேன், நடுவில் நிறுத்தக் கூடாது, நல்ல வார்த்தை போட்டு மெழுகவும் கூடாது என்று.

2006 ஆகஸ்ட் இருபத்தொன்பது, செவ்வாய். ரோவல் ரோடு முனையில் கொட்டிக் கிடந்த எண்ணெயில் வழுக்கி விழுந்தேன். வண்டி FB 4471. தலை நடைபாதை விளிம்பில் மோதியது. எழுந்து உடம்பைத் தட்டிக்கொண்டு, கடிதக்கட்டை ஏழாவது மாடியில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். ஹெல்மெட்டின் பின்பக்கம் ஒரு கோடு. மயிர் அளவுதான். நகத்தால் தடவினால் தட்டுப்படும்.

அச்சகத்தில் மற்ற ரைடர்கள் சொன்னார்கள். "தூக்கிப் போடுங்க பாய், ஒரு தடவ அடிபட்டா அது செத்துப்போச்சு." நான் சிரித்தேன். "கடைக்காரன் விக்கிறதுக்கு ஆயிரம் சொல்வான். என் கண்ணுக்குத் தெரியாததா?" என்றேன். நான் அப்படித்தான் பிழைத்தவன். எழுத்து தெரியாதவன் எல்லாவற்றையும் கண்ணால்தான் எடை போடுவான். கட்டடத்தைப் பார்த்தே கம்பெனியைச் சொல்வேன், கவரைத் தொட்டே அவசரமா என்று சொல்வேன். ஒரு தடவைகூட மாற்றிக் கொடுத்ததில்லை. அந்தக் கர்வம். ஹெல்மெட்டுக்கு உள்ளே, துணியை விலக்கினால், பஞ்சு போன்ற அந்த வெள்ளைக் கட்டியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பொடி எழுத்து. யாரையாவது படிக்கச் சொல்லியிருக்கலாம். சுஹைபையே சொல்லியிருக்கலாம். மகனிடம் போய் இதைப் படித்துச் சொல் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

கோட்டில் பசை தடவினேன். மேலே ஒரு கழுகுப் படம் ஒட்டினேன். பார்த்தால் புதுசு.

நவம்பர் பதினாறு. சுஹைபின் ஹெல்மெட்டைக் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நீ போன் செய்திருந்தாய். அவன் மேலே வந்து, "வாப்பா, ஹெல்மெட்ட காணோம். அவள பஸ்ஸுல வரச் சொல்லிடவா?" என்று கேட்டான்.

கேட்டதா, மகளே? அவன் போக வேண்டாம் என்றுதான் நினைத்தான். உன்னைப் பஸ்ஸில் வரச் சொல்ல போனைக் கையில் எடுத்துவிட்டான்.

"எதுக்கு? இந்தா, என்னோடத போட்டுட்டுப் போ," என்று நான்தான் கொடுத்தேன். "கழுகு நல்லாருக்கு வாப்பா," என்றான். வாரைத் தாடைக்குக் கீழே நானே மாட்டிவிட்டேன்.

விரைவுச்சாலையில் யாரும் அவனை இடிக்கவில்லை. மழையில் சறுக்கி விழுந்தான், அவ்வளவுதான். உடம்பில் வேறு எங்கும் பெரிய அடி இல்லை. டாக்டர் பேசியதை ஒரு தமிழ் நர்ஸ் எனக்குச் சொன்னார். "ஹெல்மெட் கோடு போட்ட மாதிரி ரெண்டாப் பொளந்திருக்கு. தாங்கியிருந்தா பொழைச்சிருப்பார்." போலீஸ்காரர் கேட்டார், ஹெல்மெட் யாருடையது என்று.

"அவனோடது," என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பினேன். நனைந்துபோய் நீ ஓடி வந்துகொண்டிருந்தாய். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது அடுத்த கேள்வியை என்னிடம் கேட்டுவிடுவார்களோ என்று பயம். அந்தப் பயத்தில்தான் உன்னைக் கேட்டேன். மழையில் அவனை ஏன் கூப்பிட்டாய் என்று. அதற்குப் பிறகு யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். இரண்டு மாதம் கழித்து மாணிக்கம் கடையில் அதே மாதிரி ஹெல்மெட் ஒன்றை எடுத்து, உள்ளே இருந்த காகிதத்தைப் படிக்கச் சொன்னேன். ஒரு முறை அடிபட்டால் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் மாற்றிவிடவும் என்று இருந்தது. ஏன் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

இதுதான் காரணம். என்னைப் பற்றி நீ என்ன வேண்டுமானாலும் நினை. வெள்ளிக்கிழமைக்குள் தேளை உரி.

வாப்பா

காக்கா வெளியே நடைபாதையில் நிற்கிறார். ஒரு வார்த்தையும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன். படித்ததும் படித்தேன் என்றாவது ஒரு வரி போடு நஸீஹா. மைமூன்.


மார்சிலிங்
24 அக்டோபர்

நஸீஹாவுக்கு,

நான்கு நாள் ஆகிவிட்டது. ஒரு வரியும் இல்லை. இங்கே இப்போது மதியம் ஒன்று. உனக்குக் காலை ஒன்பது. ஜும்ஆவுக்குப் போகாமல் மைமூன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். போயிருந்தால் இந்நேரம் மணலில் இருப்பாய்.

படித்தாயா?

வாப்பா


மஸ்கட்
25 அக்டோபர்

வாப்பாவுக்கு,

படித்தேன். செவ்வாய்க்கிழமையே படித்தேன். நேற்று நான் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வீட்டுக்குப் போய்த் தேளை உரித்தேன். கீழே ஒரு சின்ன வெள்ளைக் கோடு. கட்டைவிரலால் அழுத்தினேன், அசையவில்லை. நீங்கள் என்னை ஏமாற்றுகிறீர்கள் என்று நினைத்தேன். என்னை நிறுத்துவதற்காக சுஹைபை வைத்துக் கதை கட்டுகிற அளவுக்குப் போய்விட்டீர்கள் என்று அரை மணி நேரம் உண்மையாகவே நம்பினேன். அப்படி நம்புவது எளிதாக இருந்தது.

புதன்கிழமை எங்கள் மேலாளரிடம் அனுமதி கேட்டு, நோயாளிகள் இல்லாத நேரத்தில் ஹெல்மெட்டை ஸ்கேன் இயந்திரத்தில் வைத்தேன். அனமும் என் பக்கத்தில் நின்றாள். கண்ணுக்குத் தெரிந்த கோடு விரல் நீளம். படத்தில் அது உச்சிவரை ஓடியிருந்தது. உள்ளே அந்த வெள்ளைக் கட்டி ஒரு கை அகலத்துக்கு நசுங்கிக் கல்லாகக் கிடந்தது. அனம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருடம் அதைப் போட்டுக்கொண்டு சுற்றியவள் அவள். "உன் அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டாள். அவருக்கு அனுபவம் உண்டு என்றேன்.

ஹெல்மெட்டை ரம்பத்தால் அறுத்து இரண்டாக்கித்தான் குப்பையில் போட்டேன். வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது.

என் உயிரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன்.

இனி மற்றது. என் இருபது வயதிலிருந்து முப்பத்தொன்பது வரை அந்தப் பாலிடெக்னிக் வாசலில்தான் நின்றுகொண்டிருக்கிறேன், வாப்பா. கல்யாணம் பேசியபோதெல்லாம் வேண்டாம் என்றது அதனால்தான். ஒரு வீட்டுக்குப் போய் அவர்களுடைய பிள்ளையையும் நான் எங்கேயாவது கூப்பிட்டுவிடுவேனோ என்று பயம். இந்த வண்டியை வாங்கியதே, சுஹைபுக்கு நடந்தது எனக்கும் நடந்தால் கணக்குச் சரியாகிவிடும் என்றா என்று என்னையே நான் கேட்டுக்கொண்டதுண்டு. உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. தேதி, கிழமை, வண்டி நம்பர். பஸ்ஸில் வரச் சொல்லட்டுமா என்று அவன் கேட்டதும் ஞாபகம் இருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பெருநாளுக்குப் பெருநாள் எனக்கு ஸலாம் சொல்லியிருக்கிறீர்கள்.

உம்மாவிடம் நான் சொல்லப் போவதில்லை. மைமூன் அக்காவும் சொல்லக் கூடாது. நீங்கள் சொல்ல வேண்டும். எனக்கு எழுதியது போலவே, ஒன்றையும் விடாமல். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

நஸீஹா


மார்சிலிங்
5 நவம்பர்

நஸீஹாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

ஐந்து நாள் தள்ளிப்போட்டேன். மறைக்க என்ன இருக்கிறது, பயம்தான். வியாழக்கிழமை காலை உம்மா அடுக்களையில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். ரோவல் ரோட்டிலிருந்து ஆரம்பித்து, வார் மாட்டிவிட்டது வரை. அவள் கை நிற்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த ஹெல்மெட்ட போலீஸ்காரங்க வெச்சிக்கிட்டாங்கன்னீங்களே?"

அதை உனக்கும் நான் எழுதவில்லை. அவன் கடைசியாகப் போட்டிருந்தது வேண்டும் என்று அவள் அப்போது வாரக்கணக்கில் கேட்டாள். போலீஸ் அதைப் பையில் போட்டு என்னிடம்தான் கொடுத்தது. பிளாக்கின் பின்னால் பெரிய குப்பைத் தொட்டியில் நான்தான் போட்டேன். அதையும் சொன்னேன்.

கையைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள், "நான் பெத்த ரெண்டுல ஒண்ணு போச்சு. இன்னொண்ண நானே தள்ளி வெச்சேன். நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க."

அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. சோறு வைக்கிறாள். மூடி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அன்று மாலையே மைமூன் வீட்டுக்குப் போய், மஸ்கட்டுக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறாள். உனக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் வர வேண்டாம் என்று நீ சொல்லிவிடுவாய் என்றாளாம். இன்று கிளம்பிவிட்டாள், ஏற்றிவிட்டுத் திரும்பிய மைமூன்தான் இதைத் தட்டுகிறார். இனி மறைத்தால் விமான நிலையத்தில் தனியாக நிற்பாள், அதனால் சொல்கிறேன். நாளைக் காலை ஒன்பதரைக்கு இறங்குகிறாள். எழுபது வயது. மலேசியா போகும் ஜொகூர் பாலத்தைக்கூடத் தனியாகக் கடந்ததில்லை. சர்க்கரை மாத்திரை கைப்பையில், வலது ஜிப்பில். படிவம் நிரப்பத் தெரியும், என்னைப் போல இல்லை. உனக்குப் புது ஹெல்மெட் வந்ததா என்று மைமூனிடம் கேட்டாளாம். அது வந்த பிறகு நீ ஓட்டுகிற அன்று மணலில் நின்று பார்க்க வேண்டுமாம்.

மாணிக்கம் கடையில் உனக்காக ஒரு மணல் கண்ணாடி வாங்கியிருந்தேன். புதுசு, டப்பா பிரிக்காதது. அவள் பெட்டியில் மேலாக வைத்தேன். எடுத்து மேசையில் வைத்திருக்கிறாள்.

விமான நிலையத்துக்கு நான் வரட்டுமா என்று கேட்டேன். என் பக்கம் திரும்பாமல், நீ வந்தால் போதும் என்று மைமூனிடம் சொன்னாள்.

கீழே டாக்ஸி நின்றது. மைமூன் பெட்டியை ஏற்றினார். நான் ஒன்பதாவது மாடி நடையில் நின்றேன். கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தவள், நின்று, மேலே பார்த்தாள். மாடி மாடியாகத் தேடினாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன், மகளே. வெளியே வரவில்லை.

வாப்பா